மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு எப்போது ஏற்கும், எப்போது மறுக்கும்? டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தம்பியின் சிறுநீரகம் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதியில் கல்யாண வீடு, கருமாதி வீடு, கோவில் அன்னதான வரிசை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்: “அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் சொல்லிட்டாங்க. நான் குடுத்தா ஆகுமா?” நான் டாக்டர் இல்லை. ஆனால் என் உடம்பை வைத்துப் படித்த பாடம் கொஞ்சம் உண்டு, கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டது மீதி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

உயிர் காக்க வைத்த உறுப்பை உடம்பு ஏன் எதிர்க்கிறது?

உடம்பு நல்ல எண்ணத்தைப் பார்ப்பதில்லை, அடையாளத்தைப் பார்க்கிறது. நம் செல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு துணுக்கைத் தூக்கி வெளியே காட்டுவதுதான் அவற்றின் வேலை. உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அந்தத் துணுக்கில் தெரிந்துவிடும். டி செல் எனும் வெள்ளையணு அதைத் தொட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் அந்தச் செல்லை அழிக்கும்.

இந்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். மனித உடம்பில் இவ்வளவு வகை வேறுபாடு உள்ள மரபணுக்கள் வேறில்லை என்றே சொல்லலாம். அதனால் வேறொருவர் சிறுநீரகம் உள்ளே வந்ததும், அதன் ஒவ்வொரு செல்லும் வைரஸ் புகுந்த செல் போலவே நம் டி செல்களுக்குப் படுகிறது. சளிக்கிருமியை விரட்டுகிற அதே வேலையைத்தான் அவை செய்கின்றன. தப்பு என்று சொல்ல முடியாது.

கூடப் பிறந்தவர் என்றால் கட்டாயம் பொருந்துமா?

பொருந்தாமலும் போகலாம். எச்.எல்.ஏ. மரபணுக்கள் கட்டாக, அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு என்று வருகின்றன. அதனால் அப்பா அம்மா ஒவ்வொருவரும் பிள்ளைக்குச் சரிபாதி பொருந்துவார்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் கணக்கு வேறு: இரண்டு கட்டும் ஒத்துப்போக 25 சதவீத வாய்ப்பு, ஒன்று மட்டும் ஒத்துப்போக 50, ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க 25. ஒரே வயிற்றில் பிறந்தும் எச்.எல்.ஏ. விஷயத்தில் அந்நியராக இருக்கலாம் என்று சொன்னால் எங்கள் சின்னம்மா இன்னமும் நம்பமாட்டேன் என்கிறார்.

ஒரே கருவில் உருவான இரட்டையர் என்றால் சண்டையே கிடையாது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த, நெடுநாள் வேலை செய்த முதல் சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்கு இடையில்தான். அப்போது உடம்பை அடக்கும் மருந்தே கைவசம் இல்லை.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பாதி பொருந்துகிற அண்ணன் தம்பிகளில், பொருந்தாத மறுபாதி அம்மா வழிக் கட்டா அப்பா வழிக் கட்டா என்பதும் கணக்கில் வருகிறது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், பொருந்தாத பாதி அம்மாவுடையதாக இருந்தவர்களில் பத்து வருடத்துக்குப் பிறகும் 77 சதவீதம் சிறுநீரகங்கள் வேலை செய்தன. அப்பாவுடையதாக இருந்தவர்களில் 49 சதவீதம்தான். காரணம் கருவறை. வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் செல்கள் கொஞ்சம் பிள்ளைக்குள் வந்துவிடுகின்றன. அப்போது பழகிய முகத்தை, உடம்பு நாற்பது ஐம்பது வயதிலும் மறக்கவில்லை போலிருக்கிறது.

ரத்த வகை சேர்ந்தால் போதாதா?

அது முதல் வாசல்படி. ஓ வகை யாருக்கும் கொடுக்கலாம், ஏபி வகை யாரிடமும் வாங்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது சிறுநீரகத்துக்கு முக்கியமில்லை. ரத்த வகை சேராவிட்டாலும், ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களை (அந்நியப் பொருளைத் தாக்க உடம்பு செய்யும் புரதங்களை) வடித்தெடுத்துவிட்டுச் செய்யும் முறை சில இடங்களில் உண்டு.

கைக்குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. பிற ரத்த வகைகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் பிறக்கும்போது இருப்பதில்லை, மெல்ல மெல்லத்தான் ஊறும். அந்த இடைவெளியில் ரத்த வகை சேராத இதயத்தையும் பச்சைக்குழந்தைக்கு வைக்க முடியும் என்று கனடாவில் டொராண்டோ மருத்துவர்கள் காட்டினார்கள்.

உங்கள் கணவர் கொடுக்க முன்வந்தாரே, ஏன் ஆகவில்லை?

இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள், அதுவும் அவர் பக்கத்தில் நிற்கும்போதே.

ரத்த வகை சேர்ந்தது. அவருக்குச் சக்கரை இல்லை, பிரஷர் இல்லை. கடைசியில் கிராஸ்மேட்ச் என்ற சோதனை. என் ரத்தத்தின் சீரத்தையும் (அணுக்கள் நீக்கிய தெளிநீரையும்) அவருடைய வெள்ளையணுக்களையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பார்கள். என் சீரத்தில் அவருக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தால் அவருடைய அணுக்கள் செத்துப்போகும். செத்தன. மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த நர்ஸ் எங்களை உட்காரவைத்து, “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டார். மூன்று என்றேன். “அதுதான்” என்றார்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதன் பாதி அப்பாவின் எச்.எல்.ஏ. தானே? பிரசவ நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் நம் ரத்தத்தில் கலக்கும். என் உடம்பு மூன்று முறை என் கணவரின் அடையாளத்தைப் பார்த்து, அதற்கு எதிராக ஆயுதம் செய்து வைத்துக்கொண்டது. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இது ஒன்றுதான் குறை என்று அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுக்கிறபோது இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அவர் பிள்ளை சுமக்கவில்லை.

கர்ப்பம் தவிர, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டதும் முன்பே ஒரு மாற்று நடந்திருப்பதும் இப்படி எதிர்ப்பொருளை உண்டாக்கும். இந்தச் சோதனை பழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், நோயாளி அறுவை மேசையில் இருக்கும்போதே, ரத்தக்குழாயை இணைத்த சில நிமிடத்தில் புதுச் சிறுநீரகம் நீலம் பாரித்துச் செத்துப்போனது உண்டு. 1969-ல் பட்டேலும் டெரசாகியும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் யாரும் சிறுநீரகம் வைப்பதில்லை.

டயாலிசிஸில் இருக்கும் பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தசோகைக்கு “ரெண்டு பாட்டில் ஏத்திடலாம்” என்று சொன்னால், ஊசி மருந்தில் சரிசெய்ய வழி உண்டா என்று ஒரு முறை கேளுங்கள். அவசரம் என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும், அது வேறு.

அப்படியென்றால் கணவன் மனைவி கொடுப்பது வீணா?

இல்லவே இல்லை. அந்த டெரசாகியின் குழுவே 1995-ல் அமெரிக்க உறுப்பு மாற்றுப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கைப் பாருங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகங்கள்: கணவன் அல்லது மனைவி கொடுத்தவை 85 சதவீதம், பெற்றோர் கொடுத்தவை 82, இறந்தவரிடமிருந்து எடுத்தவை 70. கணவன் மனைவிக்குள் எச்.எல்.ஏ. பொருத்தம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் ரத்த உறவுக்குச் சமமாக நின்றிருக்கிறது.

காரணம், உறுப்பு வரும் வழியில் எவ்வளவு அடிபட்டது என்பதுதான். மூளைச்சாவு அடைந்தவர் உடம்பில் கடைசி மணி நேரங்களில் பெரிய கொந்தளிப்பு நடக்கிறது. பிறகு உறுப்பை எடுத்து, ஐஸில் வைத்து, ஊர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும், இதயம் நாலு மணி நேரம்தான். ரத்தம் நின்று திரும்பப் பாயும்போது அடிபட்ட செல்கள் ‘ஆபத்து’ என்று இரசாயனக் குரல் எழுப்பும். நம் எதிர்ப்பு அணுக்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் எழுந்துவிடும். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் பக்கத்து அறையிலிருந்து வரும் உறுப்பு அது, சத்தம் குறைவு.

நம் வீடுகளில் “சொந்த ரத்தம்தான் சேரும்” என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதனால் எத்தனையோ மனைவிமார், மச்சான்மார், சிநேகிதர்கள் சோதனைக்கே போகாமல் நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். சோதித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லட்டும்.

இந்தியருக்கு இந்தியர் உறுப்புதான் ஆகுமா?

இந்த நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுன் குரூட் ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அந்த இதயத்தைக் கொடுத்த வெள்ளைப் பெண்ணின் சிறுநீரகம் ‘கலர்ட்’ (கலப்பினத்தார்) என்று அன்றைய நிறவெறி அரசு முத்திரை குத்திய ஒரு பத்து வயதுப் பையனுக்குப் போனது. ஒரு மாதம் கழித்து, 1968 ஜனவரி 2 அன்று, பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளையருக்கு ஒரு கலர்ட் இளைஞரின் இதயம் வைக்கப்பட்டது. அந்த இதயத்தோடு 19 மாதம் இருந்தார். ஒரே கடற்கரையில் குளிக்க விடாத காலம் அது! எந்த டி செல்லும் அடையாள அட்டையைக் கேட்கவில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எச்.எல்.ஏ. வகைகள் சில முன்னோர் கூட்டங்களில் அதிகமாகவும் சிலவற்றில் அரிதாகவும் இருக்கும். அதனால் முழுப் பொருத்தம் தேடும்போது ஒரே பூர்வீகத்தாரிடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொடையாளர் பதிவேட்டில் நம் ஆட்கள் குறைவாக இருந்தால் நம் பிள்ளைக்குப் பொருத்தம் கிடைப்பது கஷ்டம். சிறுநீரகத்துக்கு அவ்வளவு இறுக்கம் இல்லை, மருந்து ஈடுகட்டிவிடும்.

முதல் இதய மாற்று நோயாளி 18 நாளில் இறந்தாரே, இதயம் சேரவில்லையா?

லூயிஸ் வாஷ்கான்ஸ்கி இறந்தது நிமோனியாவில். இதயம் கடைசிவரை நன்றாகவே துடித்தது. உடம்பு மறுத்துவிடக் கூடாது என்று எதிர்ப்பு சக்தியை அளவுக்கு மேல் அடக்கினார்கள். நுரையீரலில் தெரிந்த நிழலையும் நிராகரிப்பின் அறிகுறி என்றே முதலில் எண்ணினார்கள். அதற்குள் கிருமி வென்றுவிட்டது. மருந்து குறைந்தால் உறுப்பு போகும், கூடினால் ஆள் போவார்.

அதே மருத்துவமனையில் 1971-ல் இதயம் பெற்ற டர்க் வான் சைல் 23 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார், அதுவும் பழைய மருந்துகளில் தொடங்கியே. பொதுவான நிலைமை மாறியது எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு, 1983 வாக்கில். அது நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. இன்று நான் விழுங்கும் டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து. மண்ணைக் கும்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டியதுதான்.

எல்லா உறுப்பையும் உடம்பு ஒரே மாதிரிதான் எதிர்க்குமா?

இல்லை. கருவிழிக்கு ரத்தக்குழாயே கிடையாது, அதனால் எதிர்ப்பு அணுக்கள் அங்கே எளிதில் போய்ச் சேராது. சாதாரணமாகக் கருவிழி மாற்றுக்கு எச்.எல்.ஏ. பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை, சொட்டு மருந்து போதும். தோல், குடல், நுரையீரல் மூன்றும் எதிர்முனை. இவை எப்போதும் வெளியுலகக் கிருமிகளோடு பழகுவதால் இவற்றுக்குள் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்திருக்கும், சண்டை சீக்கிரம் மூளும்.

கல்லீரல் தனி ரகம். நாம் தின்பதில் பெரும்பகுதி குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. மீன் குழம்பிலிருந்து பீன்ஸ் பன்னி சோ வரைக்கும் அத்தனை அந்நியப் பொருளையும் பார்த்துப் பார்த்து, எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகாத குணம் அதற்கு வந்துவிட்டது. 1969-லேயே ராய் கால்ன் குழுவினர் பன்றிகளில், மருந்து இல்லாமலே மாற்றுக் கல்லீரல் நிலைப்பதைக் காட்டினார்கள். மனிதரிலும், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை முழுதாக விட முடிந்திருக்கிறது. சிறுநீரகத்தில் அப்படி நடப்பது மிக அபூர்வம்.

என்றைக்காவது மாத்திரையை நிறுத்த முடியுமா?

டாக்டர்கள் ‘சகிப்பு’ என்று சொல்வது இதைத்தான்: மருந்து இல்லாமல், அந்த ஓர் உறுப்பை மட்டும் உடம்பு தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, மற்றக் கிருமிகளோடு வழக்கம்போலச் சண்டை போடுவது.

இதற்கான முதல் துப்பு மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. வயிற்றில் நஞ்சுக்கொடி வழியே ரத்தம் கலந்த இரட்டைக் கன்றுகள் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று ஆயுள் முழுதும் சுமப்பதை 1945-ல் ரே ஓவன் கண்டார். 1953-ல் பீட்டர் மெடவாரும் கூட்டாளிகளும் பிறக்காத எலிக்குஞ்சுக்கு வேறு எலியின் செல்களைச் செலுத்தி, வளர்ந்த பிறகு அந்த எலியின் தோலை அது ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள்.

அந்த யோசனைதான் இன்றும் ஓடுகிறது. கொடுப்பவரின் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தோடு வைத்து, இருவர் ரத்த அணுக்களும் ஒரே உடம்பில் கலந்து வாழும்படி செய்கிறார்கள். பாஸ்டனில் 1998-லிருந்து இப்படிச் சிலர் மருந்தை விட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கல்லீரல் பெற்ற ஒரு சிறுமிக்கு இது தானாகவே நடந்தது: ஓ நெகட்டிவாக இருந்த ரத்தம் கொடையாளருடையது போல ஓ பாசிட்டிவாக மாறிவிட்டது, மருந்தும் நின்றது.

இன்னொரு வழி, சண்டையை அடக்கும் டி செல்களைப் பெருக்குவது. நம் உடம்பில் சண்டை போடும் டி செல்கள் போலவே, ‘போதும்ப்பா’ என்று பஞ்சாயத்து பண்ணும் டி செல்களும் உண்டு. அவற்றைக் கண்டு விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது. இன்னும் சோதனைக் கட்டம்தான்.

ஆகவே, நாமாக நிறுத்தவே கூடாது. “ரெண்டு மாசமா போடலே, நல்லாத்தான் இருக்கேன்” என்று ஓர் அண்ணன் கல்யாண மண்டபத்தில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அடுத்த பங்குனிக்குள் மறுபடி டயாலிசிஸ் நாற்காலி. பதின்வயதுப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள்: எதிர்ப்பு சக்தியும் முறுக்கேறிய வயது, மாத்திரையை மறக்கிற வயதும் அதுவே.

சாப்பாடும் மற்ற மருந்தும் குறுக்கே வருமா?

நிறையவே. கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர், அளவைச் சரித்துவிடும், மாத்திரையைப் பல மடங்கு கூட்ட வேண்டிவரும். காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நாட்டு மருந்து, மூலிகைக் கஷாயம், ஊரிலிருந்து வந்த லேகியம் எதுவானாலும் மருத்துவமனையில் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். சமையலில் போடும் மஞ்சளும் ரசமும் பாவம், அவற்றை விட்டுவிடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவுதானே, நன்றாக ஏற்குமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை தலைகீழ்: அவர்களுக்கு நிராகரிப்பு கூடுதலாகவே வருவதைப் பார்த்திருக்கிறார்கள். சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சேரும்போது வாரத்துக்கு ஒரு சின்ன டாக்ரோலிமஸ் மாத்திரையே போதுமானதாகிவிடும், அளவு பிடிப்பது அவ்வளவு சிரமம். 2008-ல் கேப்டவுனில் எல்மி முல்லர், எச்.ஐ.வி. உள்ள கொடையாளரின் சிறுநீரகத்தை எச்.ஐ.வி. உள்ளவருக்கு வைக்கத் தொடங்கினார். 2015-ல் வெளியான 27 பேர் கணக்கில் ஐந்து வருடத்தில் 84 சதவீதம் சிறுநீரகங்கள் வேலை செய்தன.

மாற்றுக்குப் பிறகு காவடி எடுக்கலாமா?

அலகு குத்துவதும் தீ மிதிப்பதும் வேண்டாம். ஊசித் துளையில் புகும் சாதாரணக் கிருமியே நமக்குப் பெரிது. அதைவிட, பெரிய தொற்று ஒன்று வந்தால் தூங்குகிற எதிர்ப்பு அணுக்களும் எழுந்து, கிருமியோடு சேர்த்து உறுப்பையும் பார்க்கத் தொடங்கலாம். நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். விரதம் என்றாலும் காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளி மாறாமல் தண்ணீரோடு போகும். ஆடிக் கூழுக்குப் பச்சை மோர் ஊற்றாமல் காய்ச்சிக் குடிப்பேன். பூசாரி தாத்தா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சக்கரை வருமா?

வரலாம். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சக்கரையை ஏற்றும், நம் ஆட்களுக்கு அது ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. எனக்கு இரண்டாம் வருடம் வந்தது.

நிராகரிப்பு தொடங்கினால் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது, அதுதான் வம்பு. காய்ச்சல், புதுச் சிறுநீரகம் உள்ள அடிவயிற்றில் வலி, சிறுநீர் குறைவது எல்லாம் புத்தகத்தில் இருக்கும். மூன்றாம் மாதம் எனக்கு ஒன்றுமே இல்லை. சமைத்தேன், துணி துவைத்தேன், தம்பி பிள்ளையின் பிறந்த நாளில் ஆடினேன். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையில் 98 ஆக இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள்) 141. மறுநாள் பயாப்சி: மரத்துப்போக ஊசி, அப்புறம் ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு ‘டக்’ சத்தம், நூல் மாதிரி ஒரு துண்டு சதை. நுண்ணோக்கியில் சிறுநீரகக் குழாய்ச் சுவருக்குள் டி செல்கள் புகுந்திருந்தன. மூன்று நாள் ஸ்டீராய்டு நரம்பில் ஏற்றினார்கள். தூக்கமே இல்லை, நடு ராத்திரியில் பசி. நாலாம் நாள் 120, இரண்டு வாரத்தில் 104. அதற்குக் கீழே இறங்கவில்லை, அதோடுதான் இன்றும் ஓடுகிறது.

டி செல் வேலையாக இருந்தால் இப்படி மருந்தில் அடங்கும். பல வருடம் கழித்து எதிர்ப்பொருள்கள் மெல்ல அரித்துத் தழும்பாக்கும் நாள்பட்ட நிராகரிப்புக்கு இன்னும் நல்ல மருந்து இல்லை. மாதா மாதம் ரத்தம் கொடுக்கச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் அந்த 141-ஐத்தான் சொல்வேன்.